வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஹெட்ஃபோன் மாட்ட எந்த வழி?

என்னிடம் இருப்பது இடது, வலது என்று பக்கத்துக்கு ஒரு இஎல்84 வால்வு வைத்த சின்ன ஆம்ப்ளிஃபயர். சிங்கிள் எண்டட் வகை, அதாவது ஒரே வால்வு முழு அலையையும் பெருக்கும். கூடிப்போனால் 5 வாட் தரும். பின்பக்கம் ஸ்பீக்கருக்கான 8 ஓம் முனைகள் உண்டு, ஹெட்ஃபோன் துளை கிடையாது. பகலில் அதில் பாட்டுக் கேட்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எனக்கு நேரம் கிடைப்பதே இரவு பத்தரைக்கு மேல்தான், அதற்குள் அம்மா அடுத்த அறையில் தூங்கிவிடுவார். அதே வால்வு, அதே இசை, காதுக்கு மட்டும் வேண்டும் என்று தேடத் தொடங்கி, ஓர் ஆண்டில் கிட்டத்தட்ட எல்லா வழிகளையும் செய்தோ கணக்குப் போட்டோ பார்த்துவிட்டேன். இதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக அவற்றை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். எல்லோரும் வாட் கணக்கில்தான் தொடங்குகிறார்கள். ‘என் ஆம்ப்ளிஃபயர் 5 வாட், ஹெட்ஃபோன் எரிந்துபோகுமா?’ என்பதுதான் முதல் கேள்வி. என் அனுபவத்தில் முடிவைத் தீர்மானிப்பது வாட் இல்லை, உறுமல். பாட்டு ஓடாதபோதும் அடியில் ‘ம்ம்ம்’ என்று கேட்கிறதே, அது.

வால்வின் இழையை 6.3 வோல்ட் ஏசி சூடாக்குகிறது, அதிலிருந்து 50 ஹெர்ட்ஸ் கசியும். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயருக்குப் பின் வடிகட்டியும் மிஞ்சுவது 100 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து என் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையில் 2 மில்லிவோல்ட் இருக்கிறது. இது மோசமான அளவு அல்ல. 2.83 வோல்ட்டுக்கு 88 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கரில் இந்த 2 மில்லிவோல்ட் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 25 டெசிபல்தான். மின்விசிறி ஓடும் அறையில் தெரியவே தெரியாது. அதே 2 மில்லிவோல்ட்டை, 32 ஓம் உள்ள, ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரும் ஹெட்ஃபோனுக்குக் கொடுங்கள். 61 டெசிபல் வருகிறது. தாழ்ந்த சுருதியை நம் காது மந்தமாகத்தான் கேட்கும் என்று கழித்துக்கொண்டாலும், அது பாட்டின் மெல்லிய இடங்களை எல்லாம் விழுங்கிவிடும். தம்புராவின் கடைசி அதிர்வு அடங்கும் இடத்தில் உங்களுக்குக் கேட்பது மின்வாரியத்தின் சுருதியாக இருக்கும்.

அதனால் எதை வாங்குவதற்கும் முன்னால் அளந்து பாருங்கள். பாட்டு வரும் உள்ளீட்டின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துக் குறுக்கிணைத்துவிட்டு, ஸ்பீக்கரை மாட்டியபடியே, அதன் முனைகளில் ஏசி மில்லிவோல்ட் பாருங்கள். மஞ்சள் நிறச் சின்ன மல்டிமீட்டர் எல்லோர் வீட்டிலும் இருக்கும், டிடி830 வகை. அது இதற்கு உதவாது. அதில் ஏசியின் மிகச்சிறிய அளவே 200 வோல்ட், ஆகவே பூஜ்யம்தான் காட்டும். அதைப் பார்த்து ‘என் ஆம்ப்ளிஃபயரில் உறுமலே இல்லை’ என்று மகிழ்ந்துவிட வேண்டாம். ஏசி மில்லிவோல்ட் காட்டும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கியாவது அளந்துவிடுங்கள். அந்த ஒரு எண் கையில் இருந்தால் கீழே சொல்லப்போவதில் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஸ்பீக்கர் முனையில் ஹெட்ஃபோனை நேரடியாக மாட்டுவதுதான் மனதில் முதலில் தோன்றும் வழி. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் என்றால் முனையில் சுமை (ஸ்பீக்கர் போல மின்னோட்டத்தை எடுத்துக்கொள்வது) இல்லாவிட்டாலும் சும்மா இருக்கும். வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வால்வு ஆம்ப்ளிஃபயர் அப்படி இருக்காது. என் டிரான்ஸ்ஃபார்மர் 5,000 ஓமை 8 ஓமாக மாற்றுவது, சுற்று விகிதம் 25-க்கு 1. அந்தப் பக்கம் 8 ஓம் ஸ்பீக்கர் இருந்தால் வால்வு 5,000 ஓமைப் பார்க்கும். 300 ஓம் ஹெட்ஃபோன் மாட்டினால் 1,87,500 ஓமைப் பார்க்கும். வால்வைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய வெற்று வெளி. இஎல்84 போன்ற பென்டோடு வால்வில் சுமையின் ஓம் ஏற ஏற அதன் பெருக்கமும் ஏறும். சத்தம் திடீரென்று கூடினால் முதன்மைச் சுருளில் மின்னழுத்தம் எகிறி, காப்பை உடைத்துக்கொண்டு பாயும்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் வாரத்தில் நேரடியாகத்தான் மாட்டினேன். ஒரு நாள் சத்தமே வரவில்லை என்று வால்யூமை முழுக்கத் திருகினேன். உண்மையில் மூலத்திலிருந்து வந்த வயர் தளர்ந்திருந்தது. அதை அழுத்திய நொடியில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் பக்கமிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம், நகத்தால் தகரத்தைச் சுண்டியதுபோல. உடனே அணைத்துவிட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது. ஹெட்ஃபோன் நல்லவேளையாகக் காதில் இல்லை, மேசைமேல் இருந்தது. அன்றிலிருந்து சுமை ரெசிஸ்டர் இல்லாமல் அந்த முனைகளை விட்டதில்லை.

நேரடி இணைப்பே பொருத்தமாக இருக்கும் ஹெட்ஃபோன்களும் சில உண்டு. ஹைஃபைமேன் எச்இ-6 என்ற பிளேனார் (கூம்புக்குப் பதிலாகத் தட்டையான மெல்லிய படலம் அதிரும்) ஹெட்ஃபோன் 50 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான். பசியுள்ள பிள்ளை. என் 5 வாட்டின் முழு 6.3 வோல்ட்டையும் கொடுத்தால் சுமார் 112 டெசிபல் தொடும், உறுமலோ 43-க்குள் அடங்கும். ஒவ்வொரு பக்கமும் 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இணையாகப் போட்டுவிட்டால் ஆம்ப்ளிஃபயர் பார்ப்பது 8 ஓம் சொச்சம். வேறெதுவும் தேவையில்லை. 1989-இல் வந்த ஏகேஜி கே1000 இன்னும் ஒரு படி மேலே. 120 ஓம், மில்லிவாட்டுக்கு வெறும் 74 டெசிபல், ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரில் மாட்டுவதற்கென்றே செய்தது. அதற்கு என் 5 வாட் போதாது, 99 டெசிபலோடு நின்றுவிடும். அதை வைத்திருப்பவர் 50 வாட் புஷ்-புல் (இரண்டு வால்வு மாறி மாறி உழைக்கும் வகை) பக்கம் போவதே சரி. ஸ்டாக்ஸ் போன்ற மின்நிலை ஹெட்ஃபோன்காரர்களுக்கு எஸ்ஆர்டி-7 என்ற இணைப்புப் பெட்டி இருக்கிறது. ஸ்பீக்கர் முனையிலிருந்து எடுத்து, உள்ளே டிரான்ஸ்ஃபார்மரால் ஏற்றி, அந்த வகைக்கு வேண்டிய நிலையான உயர் மின்னழுத்தத்தையும் (பயாஸ்) சேர்த்துக் கொடுக்கும். இவை தனி உலகம். நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது, ஸ்பீக்கர் போலவே சுருளும் கூம்பும் உள்ள சாதாரண டைனமிக் ஹெட்ஃபோன்.

பழைய ரிசீவர்களில் ஹெட்ஃபோன் துளைக்குப் பின்னால் என்ன இருந்தது தெரியுமா? பெரும்பாலும் ஸ்பீக்கர் வழியிலிருந்து ஒரு 220 அல்லது 330 அல்லது 470 ஓம் ரெசிஸ்டர் தொடராக வரும், அவ்வளவுதான். இதுதான் இரண்டாவது வழி. வால்வு ஆம்ப்ளிஃபயரில் இதோடு 8 ஓம் சுமையையும் தனியாகப் போட வேண்டும். இதில் ஓர் அழகு உண்டு. 330 ஓம் என்றால் 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு 21 டெசிபல் குறையும், 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு 6 டெசிபல் சொச்சம்தான் குறையும். எது மாட்டினாலும் வால்யூம் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கும். மின்தடை எங்கும் ஒரே அளவாக இருக்கும் பிளேனார் வகைக்கு இது போதும்.

டைனமிக் ஹெட்ஃபோனில்தான் சிக்கல். சென்ஹைசர் எச்டி 600-இன் 300 ஓம் என்பது பெயரளவு. 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது 500 ஓமைத் தாண்டிவிடும். முன்னால் 330 ஓம் நின்றால் அந்த இடத்தில் பங்கு கூடி, தாழ்ந்த சுருதி 2 டெசிபலுக்கு மேல் வீங்கும். மிருதங்கத்தின் தொப்பி கொஞ்சம் பெருத்துக் கேட்கும். சிலருக்கு அது பிடிக்கிறது, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஐஇசி 61938 என்ற சர்வதேசத் தரமே ஒரு காலத்தில் 120 ஓம் மூலமின்தடையை (ஹெட்ஃபோனுக்கு முன்னால் நிற்கும் மின்தடை) சொன்னது, அதை மனதில் வைத்து வடிவமைத்த ஹெட்ஃபோன்களும் உண்டு. எனக்கு மட்டும் பதிவில் இருப்பது அப்படியே வேண்டும். பல டிரைவர் வைத்த இயர்போன்களில் இந்த வழியை நினைக்கவே வேண்டாம், தாழ்ந்த, உயர்ந்த சுருதிகளின் சமநிலை முழுக்கக் குலைந்துவிடும்.

மூன்றாவது வழியில்தான் நான் நின்றேன். பக்கத்துக்கு இரண்டு ரெசிஸ்டர். ஒன்று தொடராக, இன்னொன்று ஹெட்ஃபோனுக்குக் குறுக்காக. 32 ஓம் ஹெட்ஃபோனுக்குத் தொடரில் 8.2 ஓம் 10 வாட், குறுக்கே 1 ஓம் 5 வாட். ஆம்ப்ளிஃபயர் பார்ப்பது 9.2 ஓம், அதற்கு அது வசதியான சுமை. ஹெட்ஃபோனுக்குப் போவது ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 19 டெசிபல் குறைவு. 61-இல் இருந்த உறுமல் 42-க்கு இறங்குகிறது. ஹெட்ஃபோன் பார்க்கும் மூலமின்தடை ஒரு ஓமுக்கும் கீழே, அதனால் சுருதி வீக்கம் கிடையாது. சத்தம் போதுமா? 5 வாட்டில் 0.69 வோல்ட் வரும், 32 ஓமில் அது 111 டெசிபலுக்கு மேல். காதைக் கெடுத்துக்கொள்ளவே போதும்.

எச்டி 600 போன்ற 300 ஓமுக்கு இவ்வளவு குறைத்தால் 99 டெசிபலில் நின்று மூச்சு வாங்கும். அதற்குத் தொடரில் 5.6 ஓம், குறுக்கே 2.7 ஓம். குறைவது 10 டெசிபல், உச்சம் 108-ஐத் தாண்டும், உறுமல் 38 அளவில். ஏதோ ஒரு மதிப்பை எடுத்து எல்லா ஹெட்ஃபோனுக்கும் பொருத்துவதைவிட, உங்கள் ஹெட்ஃபோனுக்கு என்று கணக்குப் போட்டு வாங்குங்கள். ரெசிஸ்டர் விலை காபி விலையைத் தாண்டாது. சென்னையில் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் கேட்டபோது கடைக்காரர், “வெள்ளைக் கட்டிதானே தம்பி, எத்தனை வேணும்?” என்று பெட்டியை நீட்டினார். சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்கும் அந்தக் கம்பி சுற்றிய (வயர்வுண்ட்) வகைதான். பத்துப் பதினைந்தை எடுத்து மீட்டரில் அளந்து, இடமும் வலமும் ஒத்துப்போகும் ஜோடியாகப் பார்த்து வாங்கினேன். 1 ஓமில் சின்ன வித்தியாசம்கூட இடது வலது சமநிலையில் தெரியும், அதனால் இந்தப் பொறுக்கல் அவசியம்.

இந்த வழியில் நான் எதிர்பாராத இரண்டு நன்மைகள் கிடைத்தன. நேரடியாக மாட்டியிருந்தபோது வால்யூம் திருகு தொடக்கத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. மலிவான இரட்டை வால்யூம் கண்ட்ரோல் அந்தத் தொடக்கப் பகுதியில் இரு பக்கமும் ஒன்றாக ஏறாது. பாடகி நடுவில் நிற்காமல் இடது காதோரம் சாய்ந்து நிற்பார். இப்போது திருகு பாதி வரை போகிறது, பாடகி நடுவுக்கு வந்துவிட்டார். இன்னொன்று, வால்வின் குணம். நேரடி இணைப்பில், நிதானமான சத்தத்தில் கேட்கும்போது, பாட்டின் உச்சத்தில்கூட ஆம்ப்ளிஃபயர் கொடுப்பது சில மில்லிவாட்தான். அந்த அளவில் இஎல்84-இன் இரண்டாம் ஹார்மோனிக் (வால்வு தானாகச் சேர்க்கும், மூலச் சுருதியின் இரட்டிப்பு அதிர்வு) இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. இரண்டு ரெசிஸ்டரைப் போட்ட பிறகு அதே சத்தத்துக்கு உச்சங்களில் மூன்றில் ஒரு வாட் வரை போகிறது. வால்வு கொஞ்சமாவது வேலை செய்கிறது. வால்வின் சாயல் வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு சிரமப்படுகிறவர்களுக்கு இது முக்கியம்.

பிளக்கைச் சொருகும்போது ஒரு நொடி முனைகள் குறுக்கிணையும், உருவும்போது திறந்துவிடும். இதில் இரண்டுமே பயமில்லை. குறுக்கிணைந்தால் ஆம்ப்ளிஃபயர் பார்ப்பது 8.2 ஓம், திறந்தால் 9.2. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே உருவலாம்.

நான்காவது, டிரான்ஸ்ஃபார்மர் வழி. ‘மின்தடையைப் பொருத்த வேண்டும், அதுதான் முறை’ என்று அனுபவசாலிகளே சொல்வார்கள். 32 ஓமுக்கும் 300 ஓமுக்கும் தனிச் சுருள் வைத்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றச் சொல்வார்கள். காகிதத்தில் இது அழகாகத் தெரியும். நானும் கொஞ்ச நாள் மயங்கினேன், கணக்குப் போட்டதும் தெளிந்தது. 8 ஓம் முனையில் 2 மில்லிவோல்ட் உறுமல் என்றால், அதே 5 வாட்டைக் கொடுக்கும்படி சுற்றிய 32 ஓம் முனையில் 4 மில்லிவோல்ட். 300 ஓம் முனையில் 12 மில்லிவோல்ட். பொருத்தப் பொருத்த உறுமலும் ஏறுகிறது. 300 ஓம் ஹெட்ஃபோனில் அந்த 12 மில்லிவோல்ட் 64 டெசிபல் உறுமலாக வந்து நிற்கும். நமக்கு வேண்டாத 5 வாட்டைக் கச்சிதமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு இந்த விலை. பொருத்தம் என்பது சக்தி தட்டுப்பாடு இருக்கும் இடத்தில் பார்க்க வேண்டியது, இங்கே சக்தி வழிந்து கிடக்கிறது. 3-க்கு 1 என்று இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டால் உறுமல் 9.5 டெசிபல் குறையும், உண்மைதான். அதை இரண்டு ரெசிஸ்டர் சில ரூபாயில், கீழ்ச்சுருதியும் மேல்ச்சுருதியும் தேயாமல் செய்துவிடுகிறது. தரைத்தொடர்பைப் பிரிக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் தவிர டிரான்ஸ்ஃபார்மருக்குச் செலவழிக்காதீர்கள்.

ஐந்தாவது, ஆம்ப்ளிஃபயரைத் திறந்து டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவிட்டு வால்விலிருந்தே கப்பாசிட்டர் வழியாக எடுப்பது. இதை நான் செய்யவில்லை, யாருக்கும் சொல்லவும் மாட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கின்றன. பாட்டில்ஹெட் நிறுவனத்தின் கிராக் என்ற ஆம்ப்ளிஃபயர் 6080 வால்வை வைத்து அப்படித்தான் செய்கிறது, 300 ஓம் ஹெட்ஃபோனோடு அழகாகப் பாடும். 6080-இன் உள்மின்தடை வெறும் 280 ஓம், அதனால் முடிகிறது. இஎல்84 அந்த ஜாதி அல்ல. தவிர, 32 ஓமுக்கு 20 ஹெர்ட்ஸ் வரை போக 250 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வேண்டும். அது பழுதானால் 250 வோல்ட்டுக்கும் உங்கள் தலைக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது.

கடைசி வழி, ஆம்ப்ளிஃபயரைத் தொடாமல் தனியாக ஒரு டிரான்சிஸ்டர் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் வாங்குவது. வால்வுப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். நல்லதாக ஒன்று வாங்கினால் உறுமலும் இரைச்சலும் சில மைக்ரோவோல்ட்தான், மூலமின்தடை ஒரு ஓமுக்குக் கீழ். உங்கள் அளவீடு 3 மில்லிவோல்ட்டைத் தாண்டினால், அதை வடிகட்டிச் சரிசெய்யும் ஆர்வமோ பழக்கமோ உங்களுக்கு இல்லையென்றால், இதுதான் என் பதில். நுண்ணுணர்வு மிக்க இயர்போன் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே. மாலையில் வால்வும் ஸ்பீக்கரும், இரவில் இது என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஆக, இப்படி எடுத்துக்கொள்ளுங்கள். பசியுள்ள பிளேனார் என்றால் இணையாக ஒரு ரெசிஸ்டர் போட்டு நேரடியாக. சாதாரண டைனமிக், உறுமல் 3 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் இரண்டு ரெசிஸ்டர். அதற்கு மேல் என்றால் முதலில் உறுமலைக் குறையுங்கள், முடியாவிட்டால் தனி ஆம்ப்ளிஃபயர்.

செய்யத் தொடங்கும் முன் இரண்டு சோதனைகளைத் தவறாமல் செய்யுங்கள். ஹெட்ஃபோன் பிளக்கில் இடமும் வலமும் ஒரே தரைமுனையைப் பகிர்கின்றன. ஆகவே ஆம்ப்ளிஃபயரின் இரண்டு கறுப்பு முனைகளும் உள்ளே ஒன்றாக இருக்க வேண்டும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கறுப்பு முனைகளுக்கும் நடுவே ஓம் அளந்தால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். காட்டாவிட்டால் நிறுத்திவிடுங்கள். சில ஆம்ப்ளிஃபயர்களில் கறுப்புக்குப் பதிலாகச் சுருளின் நடு முனையைத் தரையில் கட்டியிருப்பார்கள், அங்கே கறுப்புகளைச் சேர்த்தால் வம்பு. அடுத்தது, அந்தக் கறுப்பு முனை உலோகப் பெட்டியோடும், பெட்டி சுவரிலுள்ள எர்த்தோடும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு என்றாவது ஒரு நாள் உடைந்தால், பல நூறு வோல்ட் தரைக்குப் போக அந்த வழி ஒன்றுதான் இருக்கிறது. பல பழைய வீடுகளில் மூன்றாம் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. என் வீட்டில் இல்லை. எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு எர்த் போட்ட பிறகுதான் ஹெட்ஃபோனைத் தலையில் வைத்தேன்.

ரெசிஸ்டர்களை ஆம்ப்ளிஃபயருக்குள் வைக்காமல் வெளியே ஒரு சின்ன அலுமினியப் பெட்டியில் வையுங்கள். ஸ்பீக்கர் வயர் உள்ளே, ஹெட்ஃபோன் துளை வெளியே. உள்ளே திறக்காமல் வேலை முடிந்தால் அதுவே பாதுகாப்பு. வயர் மாற்றும்போதெல்லாம் ஆம்ப்ளிஃபயர் அணைந்திருக்கட்டும். முதல் முறை இயக்கும்போது நல்ல ஹெட்ஃபோனை மாட்ட வேண்டாம். டிராயரில் கிடக்கும் பழைய இயர்போன் ஒன்றைச் சொருகி, வால்யூமைக் குறைத்து, வால்வு சூடாக ஒரு நிமிடம் விட்டு, பிறகு காதருகே கொண்டுபோய்க் கேளுங்கள். இரண்டு பக்கமும் பாட்டு வந்து, பெட்டியும் அதிகம் சுடாமல் இருந்தால், நல்லதை எடுத்து மாட்டலாம்.